நாற்காலிகள் சாப்பிடுகிற படம்

ஜூன் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போகிறது. கண்புரை இன்னும் முற்றவில்லையாம், முற்றட்டும் பார்க்கலாம் என்கிறார் டாக்டர், ஏதோ மாங்காயைப் பற்றிப் பேசுவதுபோல. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்", "சரி", "வெச்சிடட்டுமா" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை உன்னால் வைக்க முடியாது.

போன வாரம் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தடவை நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். பெஞ்சில் பக்கத்தில் ஒருவர். பஸ் கண்டக்டராக இருந்தவராம். ஒரு மணி நேரம் என் முகத்துக்கு நேரே பேசிக்கொண்டிருந்தார். டிராயிங் மாஸ்டராக இருந்தவன் என்று நான் சொன்னதும் சிரித்தார்.

"என் கண்ணு ரெண்டுல ஒண்ணு செஞ்சு வெச்சது சார். எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வலது என்றேன். "தப்பு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். இடது கண்ணாம். செய்தது ஒரு பெண்ணாம். உன் பெயரைச் சொன்னார். நீ வேலை செய்யும்போது அவரிடம், "எங்க அப்பா டிராயிங் மாஸ்டர். அவர் பார்த்தா ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவார்" என்று சொன்னாயாமே.

நான் கண்டுபிடிக்கவில்லை, பாப்பா. புரையின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அதுவும் உண்மையில்லை. அவ்வளவு அச்சாக இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இது எப்போது வந்தது உனக்கு? சின்ன வயதில் உன்னிடம் இது இல்லையே. எப்படி வந்தது?

ஓய்வாக இருக்கும்போது எழுது.

உன் அப்பா

*

ஜூன் 14

மதிப்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. புரைக்குச் சொட்டு மருந்து தந்திருந்தால் விடாமல் போடுங்கள். படிக்கும்போது விளக்கு உங்கள் இடது தோளுக்குப் பின்னால் இருக்கட்டும்.

எப்போது வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள், காய்ச்சல் வந்ததை விசாரிப்பதுபோல. ஒரு நாளில் வரவில்லை. இந்தச் செயற்கைக் கண் பட்டறையில் நான் சேர்ந்தது கண்களைப் பாலிஷ் போடுகிற வேலைக்கு. ஒரு வருஷம் கழித்து முதலாளியம்மா தூரிகையைக் கையில் கொடுத்தார். முதல் எட்டு மாதம் நான் தீட்டியது ஒன்றுகூட யார் முகத்துக்கும் போகவில்லை. சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், "மறுபடி" என்பார். நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ சொல்ல மாட்டார். மறுபடி, அவ்வளவுதான்.

கருவிழி ஒரு நிறம் கிடையாது. கறுப்பு வட்டத் தகட்டில் இருபது இருபத்தைந்து பூச்சு. பழுப்புக் கண் என்று நாம் சொல்வதற்குள் பச்சை இருக்கும், ஓரத்தில் சாம்பல் வளையம் இருக்கும், நடுவிலுள்ள கண்பாவையைச் சுற்றித் துருப் பிடித்ததுபோல ஒரு நிறம் இருக்கும். வந்தவரை எதிரில் உட்காரவைத்து அவருடைய நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துத் தீட்ட வேண்டும். வெள்ளைப் பகுதியில் ரத்த நரம்புக்குச் சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து ஒட்டுவோம். சரியாகத் தூங்காதவருக்கு நரம்பு கூடுதலாக வைக்க வேண்டும். பதினேழு வருஷமாக இதைச் செய்கிறேன்.

ஆகவே, கற்றுக்கொண்டதுதான். பிறவியிலேயே இருந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலா போயிருக்கும்?

மருந்தை மறக்காதீர்கள்.

மகள்

*

ஜூன் 22

அன்பு மகளுக்கு,

நீ இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை படித்தேன். தூங்காதவருக்கு நரம்பு கூடுதல் என்ற இடத்தில் எனக்கே கண் எரிந்தது.

ஆனாலும் நீ சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளின் கையைப் பார்த்தவன் நான். ஒரு பிள்ளை பென்சிலை எடுத்து ஒரு கோடு இழுத்தால் போதும், இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இருப்பவனுக்கு நாம் காகிதம் வாங்கிக் கொடுத்தால் போதும். இல்லாதவனுக்குத் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தாலும் ஜாடியைப் பார்த்து ஜாடி வரைவான், அதற்கு மேல் போக மாட்டான். உன் அம்மா இன்னும் ஒருபடி மேலே போவாள். அது ஆண்டவன் யாரோ ஒருத்தர் விரலில் தொட்டு அனுப்புவது, நம் கையில் ஒன்றும் இல்லை என்பாள். உன் அண்ணன், நம் பெரியவன், ஏழு வயதில் அந்தக் குதிரையை வரைந்தபோது நான் பிறவி என்றேன், அவள் சாமி என்றாள், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதோம். உனக்கு அப்போது இரண்டு வயது. இப்போது நீ மூன்றாவதாக ஒன்று சொல்கிறாய். அவள் இருந்திருந்தால் இன்றைக்கு முழுக்க உன்னோடு வாதாடியிருப்பாள்.

பெரியவன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் பிப்ரவரியிலிருந்து இங்கேதான் இருக்கிறான். விளம்பரக் கம்பெனியில் போகச் சொல்லிவிட்டார்கள். காலையில் குளித்துத் தலை வாரிக்கொண்டு முன்னறையில் உட்காருகிறான். வரைபடத் தாள் கட்டுக்கட்டாக வாங்கி வருகிறான். மேலே சுற்றிய தாளைக்கூடப் பிரிப்பதில்லை. நாற்பத்தாறு வயது. நான் எதிரே வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறான்.

உன் பட்டறையில் அவனுக்கு ஒரு இடம் கிடைக்குமா? உனக்கே வந்தது என்றால் அவனுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். யோசித்து எழுது.

அன்புடன்
அப்பா

*

ஜூலை 1

அப்பாவுக்கு,

"உனக்கே வந்தது என்றால் அவனுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும்." இந்த வரியை நான்கு முறை படித்தேன். நீங்கள் எழுதிவிட்டு ஒருமுறை படித்தீர்களா?

ஆறு வருஷம் கழித்து உங்களிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அது எனக்கு எழுதியது என்று பத்தொன்பது நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனை அனுப்புங்கள். இங்கே ஆள் தேவைதான், முதலாளியம்மாவிடம் பேசிவிட்டேன். என் வீட்டில் பின்னறை காலியாக இருக்கிறது. ஆனால் இது உங்களுக்காகச் செய்வது இல்லை. நான் சைக்கிள் பழகியபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கப் பின்னாலேயே ஓடி வந்தவன் அவன். முட்டியைப் பேர்த்துக்கொண்டதும் அவன்தான், நான் இல்லை.

தாள்கட்டு எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

மகள்

*

ஆகஸ்ட் 9

அப்பாவுக்கு,

அண்ணன் இங்கிருந்து போய்விட்டான். பயப்பட வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறான். அவன் உங்களுக்கு எழுத மாட்டான், அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். மூன்றாம் நாள் ஒரு தபால்கார அம்மாள் வந்திருந்தார். தேன் நிறக் கண். "நான் போடட்டுமா?" என்று கேட்டான். நான் இரண்டு நாளில் இருபது பூச்சாகச் செய்வதை அவன் நாற்பது நிமிஷத்தில் செய்தான். அப்பா, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தச் சின்னத் தகட்டிலிருந்து யாரோ என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. முதலாளியம்மா எழுந்து வந்து பார்த்தார். ஒருவர் தீட்டிய முதல் தகட்டுக்கே அவர் வாயிலிருந்து "மறுபடி" வராததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். எனக்கு வயிறு எரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி வார்க்கும்போது நிறம் ஒரு படி இருண்டுவிடும். அதற்குத்தான் நாங்கள் அடிக்கடி ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துச் சரிபார்ப்பது. அவன் பார்க்கவில்லை. தேன் கருப்பட்டியாகிவிட்டது. எங்கள் எல்லோருக்கும் ஆகியிருக்கிறது. "பரவாயில்லை அண்ணா, இன்னொண்ணு போடு" என்றேன்.

"இன்னொண்ணா?" என்றான். "அது வந்துது, போயிடுச்சு. மறுபடி எப்படி வரும்?"

மூன்று தடவை முயன்றான். ஒவ்வொன்றும் முன்னதைவிட மோசம். நாலாவதாகத் தூரிகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாலிஷ் மேசைக்குப் போய்விட்டான். தபால்கார அம்மாளுக்குக் கடைசியில் நான்தான் செய்தேன். நன்றாகப் பொருந்தியது. ஆனால் அது அவன் செய்தது போல இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு மாலை படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"உனக்கு யோகம்" என்றான்.

"என்ன பெரிய யோகம்?"

"உன்கிட்ட யாரும் எதையும் எதிர்பார்க்கல. நீ தப்புத் தப்பாப் போட்டுப் பழகலாம். நான் ஒரு கோடு கோணலாப் போட்டா அப்பா முகத்தைப் பார்த்திருக்கியா? யாரோ குடுத்து வெச்ச பொருளை நான் தொலைச்சுட்ட மாதிரி பார்ப்பார். அம்மா சாமி முன்னாடி போய் நின்னுடுவா. எனக்கு ரப்பர் வெச்சு அழிக்கவே பயம். சாமி போட்ட கோட்டை அழிக்கலாமா?"

"சின்ன வயசுலேயா?"

"பத்தொன்பது வயசுலயும்தான். காலேஜ்ல எல்லாரும் ஒரு கையையே நூறு தடவை வரைஞ்சானுங்க. நான் வரையல. நமக்குத் தானா வரும்னு இருந்தேன். அவனுங்கல்லாம் மேலே போயிட்டானுங்க."

மறுநாள் அவனே போய் ஒரு வேலை தேடிக்கொண்டான். சாலையில் வெள்ளைக் கோடு போடுகிற வண்டியில். இப்போது இரண்டு பேரோடு ஒரு அறையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து என்னோடு சாப்பிடுகிறான். வெயிலில் கறுத்திருக்கிறான், ஆனால் நிறையப் பேசுகிறான். "கோடு நேராப் போனா போதும் பாப்பா. யாரும் வந்து அழ மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

உங்களிடம் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.

மகள்

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள என் மகளுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்றுக் காலை பெரியவனின் அறையைக் கூட்டினேன். பிரிக்காத தாள்கட்டு பதினான்கு இருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள், எந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது வருஷமாகச் சொல்லாதது. சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

உனக்குப் பதினோரு வயது. பெரியவனைக் கலைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக, அவன் படங்களைப் பார்க்க ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மேசை முழுக்க அவன் படங்களைப் பரப்பி வைத்திருந்தேன். நீ பக்கத்து அறைக்குள் இருந்தாய். அவர் எல்லாவற்றையும் பார்த்து, நன்று நன்று என்றார். பிறகு சன்னல் கட்டையில் கிடந்த ஒரு தாளை எடுத்தார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். "இது யாரோடது?" என்று கேட்டார்.

அது உன்னுடையது. ஒரு சாப்பாட்டு அறை. மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு நாற்காலி குனிந்து ஊதி ஊதிக் குடிக்கிறது. ஒன்று மற்றொன்றோடு சண்டை. மனிதர்களான நாம் நான்கு பேரும் மடக்கி, சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறோம். உன் அம்மாவின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. எதிரே எதையும் பார்த்து அதை வரைந்திருக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும்விட்டது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பெரியவனின் எந்தப் படத்தையும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"சும்மா கிறுக்கியிருக்கா சார். அவளுக்கு இதெல்லாம் வராது. நீங்க இதைப் பாருங்க" என்று அவன் குதிரையை எடுத்து நீட்டினேன். உனக்குக் கேட்கும் என்று தெரியும். கதவு திறந்துதான் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலதடவை எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் அது இறங்கும் என்று நம்பினேன். என் கையில் அது இல்லை என்று எனக்கு நாற்பது வயதுக்கு முன்பே தெரிந்துவிட்டது. பெரியவனிடம் அதைக் கண்டதும், என் பிழைப்புக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஏழு வயதிலிருந்து அவன்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் நீ வந்து நின்றால் நான் சொன்னது என்ன ஆவது? அவ்வளவு அற்பமான காரணம்தான், பாப்பா. அப்போது அதற்கு நான் வேறு பெயர் வைத்திருந்தேன்.

அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று நீ கேட்கலாம். கிழிக்கவில்லை. அவன் படங்களைக் கல்லூரிக்குக் கட்டி அனுப்பும்போது கசங்காமல் இருக்க அடியில் வைத்துக் கட்டினேன். படங்கள் திரும்பி வந்தன. அடித்தாள் வரவில்லை.

நான் அங்கே வந்து ஒரு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து நீ வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். குறை சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கிறது என்று உன் முகத்துக்கு நேரே ஒருமுறை சொல்ல வேண்டும். வரலாமா?

உன் அப்பா

*

செப்டம்பர் 5

அப்பாவுக்கு,

பதில் எழுத நாள் கடந்துவிட்டது. கோபத்தில் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். சில நாள் கோபம், சில நாள் இல்லை.

அன்றைக்கு நீங்கள் சொன்ன வாக்கியம் எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "சார்" உட்பட. ஆனால் அந்தப் படம் எனக்கு ஞாபகமே இல்லை. நாற்காலிகள் சாப்பிடுகின்றன என்று படித்தபோது, வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று இருந்தது. அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் தாள் வாங்கி வந்தேன். மேசையைத் துடைத்து உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். அடுத்தவர் கண் எதிரில் இருந்தால் என்னால் எதையும் தீட்ட முடியும். வெறும் தாளின் முன்னால் என் கை கல்லாகக் கிடந்தது. கடைசியில் அடுப்பின் மேல் இருந்த கெண்டியை வரைந்தேன். மூக்கில் இருந்த நசுங்கல், பளபளப்பு, அதில் தெரிந்த சன்னல், எல்லாம் வந்துவிட்டது. நீங்கள் ஜாடி வரைகிற பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்தப் பிள்ளைதான் நான்.

அது எனக்கு முதலிலிருந்தே இல்லையா, நாற்காலிப் படம் ஏதோ ஒரு நாள் தவறி வந்ததா, இல்லை, இருந்து அன்றைக்கு அறைக்குள் நின்றபோது போய்விட்டதா? பிறவியா, பழக்கமா, சாமியா என்று நீங்கள் கேட்டதற்கு என்னை வைத்து இனி பதில் கண்டுபிடிக்க முடியாது அப்பா. திரும்பச் செய்து பார்க்க இன்னொரு பதினோரு வயது என்னிடம் இல்லை. அண்ணனை வைத்தும் முடியாது. எங்கள் இரண்டு பேரையும் வைத்து நீங்கள் முன்பே முடிவு சொல்லிவிட்டீர்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஜூனில் உங்கள் முதல் கடிதம் வந்தது. அச்சாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்த வாரம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்குச் செய்துகொண்டிருந்த கண்ணைக் கெடுத்தேன். நிறம் தப்பியது. இரண்டாவதும் தப்பியது. பாவம், அந்த அம்மாளை மூன்று தடவை வரவழைத்தேன். பதினேழு வருஷத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை. ஒவ்வொரு பூச்சுக்கும் நீங்கள் தோளுக்கு மேல் நின்று பார்ப்பதுபோலவே இருந்தது. நீங்கள் பாராட்டினாலும் எனக்கு நிறம் தப்புகிறது. அது உங்கள் தப்பா என் தப்பா தெரியவில்லை, தப்புகிறது.

வரலாமா என்று கேட்டீர்கள். வாருங்கள். ஞாயிறு எனக்கு விடுமுறை. அண்ணனும் வருவான். வீட்டில் ஏழெட்டுப் படிதான், ஏறிவிடலாம். ஆனால் பட்டறைக்கு உங்களைக் கூட்டிப்போக மாட்டேன். அங்கே என்ன செய்கிறேன் என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். எனக்கென்று நான் சம்பாதித்த இடம் அது ஒன்றுதான்.

அதைத் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்.

மகள்

*

செப்டம்பர் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே செய்கிறேன். பட்டறை இருக்கும் தெருப் பக்கம்கூடத் திரும்ப மாட்டேன். அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

வரும் ஞாயிறு காலை முதல் வண்டியில் சீட்டு எடுத்திருக்கிறேன். பெரியவனிடம் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று சொல். அவனுக்கு அது ஒரு நாள்தான் ஓய்வு. நானே விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

வந்து உன்னிடம் என்னவெல்லாம் பேசலாம் என்று இன்று காலை ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். உனக்கு வரும், வராது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, மகளைப் பற்றி வேறு என்ன தெரியும் என்று யோசித்தேன். மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். தாளில் ஒன்றும் இல்லை. உனக்கு யார் சிநேகிதம், எதற்குச் சிரிப்பாய், உடம்புக்கு முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவாய், எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு வயது ஆகிறது உனக்கு. நீ காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வாயா என்றுகூட எனக்குத் தெரியாது, அம்மா.

உன்
அப்பா